நீலமா, சிவப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள்

போன வாரம் மவுஸ் ஒன்று வாங்கலாம் என்று பதுளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். கண்ணாடி மேசைமேல், கம்ப்யூட்டருக்கு மூளை என்கிறார்களே, அந்த ப்ராசசர் பெட்டிகள் இரண்டு. ஒன்று நீலக் கம்பெனி, மற்றது சிவப்புக் கம்பெனி. (பெயரைப் போட்டால் பத்திரிகை ஆசிரியர் விளம்பரக் கட்டணம் கேட்பார். நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

மனிதர் போனில் யூடியூபைப் பார்ப்பதும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பேப்பர்ல எழுதுற டீச்சர்தானே நீங்க? வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் போடப் போறேங்க. இதுல எது நல்லது? நீலமா, சிவப்பா?"

"தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, மவுஸைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பாவம், என்ன நினைத்தாரோ... ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டாலே நான் இப்போது ஓடிவிடுகிறேன். அதற்குக் காரணம் இரண்டு நண்பர்கள்.

அந்தோணியும் மகேந்திரனும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ நடத்தினார்கள். தோட்டத்துக் கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா, கோயில் பெருநாள் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். அந்தோணி கேமரா பிடிப்பான். மகேந்திரன் எடிட் பண்ணுவான். இவனுக்குக் கேமரா வராது, அவனுக்கு எடிட்டிங் வராது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தால், மழை பெய்து கொட்டகை ஒழுகிய கல்யாணம்கூட வீடியோவில் மகாராஜா கல்யாணமாகிவிடும்.

ஒரே குறை, கம்ப்யூட்டர். கிழட்டுக் கம்ப்யூட்டர். ஒரு கல்யாண வீடியோவை முடித்து வெளியே எடுக்க அதற்கு அரைநாள் வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. சரி, புதிதாக ஒன்று போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பிடித்தது சனியன்!

மகேந்திரன் நீலம் என்றான். அந்தோணி சிவப்பு என்றான்.

"டீச்சர், நீலத்துல வீடியோவுக்குன்னே உள்ளுக்குள்ள ஒரு பகுதி இருக்கு. கேமரா ஃபைல் போட்டா வெண்ணெய் மாதிரி ஓடும்" என்பான் மகேந்திரன்.

"கரண்ட் பில்ல யாரு கட்டுறது? சிவப்பு கொஞ்சமாத்தான் இழுக்கும். நாளைக்கு இதவிட நல்ல சிப் வந்தாலும் இதே போர்டுல மாட்டிக்கலாம். நீலத்துக்கு போர்டையும் சேர்த்துல்ல மாத்தணும்?" என்பான் அந்தோணி.

இரண்டும் நியாயம்தான். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகத்தில் வித்தியாசம் என்று பார்த்தால், ஒரு கல்யாண வீடியோவுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் யார் கேட்டார்கள்? ராத்திரியெல்லாம் யூடியூபில் எந்த நாட்டுக்காரனோ வேகத்தை அளந்து போட்ட கலர் கலர் பட்டைகளைப் பார்த்துவிட்டு, காலையில் கடையைத் திறந்ததும் அதை வைத்துச் சண்டை போடுவார்கள். தோட்டத்தில் இரண்டு யூனியன்காரர்கள்கூட சம்பளப் பேச்சுவார்த்தைக்கு ஒன்றாக உட்காருவார்கள். இவர்கள் உட்காரவில்லை.

என்னிடமும் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். நான் சிரித்துவிட்டு, "பூவா தலையா போட்டுப் பாருங்களேன்" என்றேன். அது அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் வார்த்தை தடித்துவிட்டது.

"கேமரா தூக்குறவனுக்கு ப்ராசசரப் பத்தி என்ன தெரியும்?" என்று மகேந்திரன் கேட்டிருக்கிறான்.

"நான் தூக்காட்டி நீ எதடா வெட்டுவ?" என்று அந்தோணி கேட்டிருக்கிறான்.

அவ்வளவுதான். அந்தோணி கேமராவை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்க மாடியில் தனிக்கடை போட்டான். சிவப்புக் கம்ப்யூட்டர். கீழே பழைய கடையில் மகேந்திரன். நீலக் கம்ப்யூட்டர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு ரோடு. இரண்டிலும் மின்னல் வேகம். ஆனால் மகேந்திரன் எடுத்த ஒரு சடங்கு வீடியோவில் தாய்மாமன்மார் யாருக்கும் தலை இல்லை என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் எங்கள் வீட்டுக் கல்யாணம் வந்தது.

என் அண்ணனுக்கு ஒரே மகள், நிரோஷா. அண்ணன் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் வேலை. அண்ணி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மாப்பிள்ளை மொனராகலையில் கடை வைத்திருக்கிறார். வீடியோவுக்கு யார் என்ற கேள்வி வந்தபோது, தலை வேண்டுமே என்று நான் அந்தோணியைச் சொன்னேன்.

கல்யாணத்தன்று அண்ணி ஒரு நிமிஷம் உட்காரவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், பந்தியைப் பார்க்க ஓடுவாள், நடுவில் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுவாள். தாலி கட்டும்போது அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அந்தோணி கேமராவை அவள் பக்கம் திருப்பி நெடுநேரம் எடுத்ததையும் பார்த்தேன். இவனல்லவா கேமராக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டே நாளில் பென் டிரைவ் வந்துவிட்டது! முன்பென்றால் இரண்டு மாதம் நடையாய் நடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு டீவியில் போட்டோம். பக்கத்து லயத்து வீடுகளிலிருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நிரோஷா சிரிக்கிறாள், மாப்பிள்ளை சிரிக்கிறார், மாப்பிள்ளையின் நண்பர்கள் சிரிக்கிறார்கள், பின்னால் பாட்டு. அண்ணன் மூன்று இடத்தில் வந்தார். நான்கூட வந்தேன், லட்டு தின்றுகொண்டு.

வீடியோ முடிந்தது. எல்லோரும் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்கள். அண்ணி மட்டும் டீவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் மக கல்யாணத்துக்கு நான் போகவே இல்ல போலருக்கே" என்றாள்.

உண்மைதான். முழு வீடியோவிலும் அண்ணி இல்லை. போட்டோவில் இருக்கிறாள், கும்பலோடு விறைத்துப்போய் நிற்கிறாள். மற்றவர்கள் போனில் எடுத்ததெல்லாம் பொண்ணையும் மாப்பிள்ளையையும்தான். அவள் ஓடியதும் அழுததும் மகளைப் பார்த்து நின்றதும் அந்தோணியின் கேமராவில் மட்டும்தான் இருந்தது.

மறுநாளே அவன் கடை மாடிக்கு ஏறினேன்.

"புது சாஃப்ட்வேர் டீச்சர். சிரிச்ச முகமாத் தேடி அதுவே வெட்டி ஒட்டிரும்" என்றான். அப்புறம் குரல் இறங்கியது. "அண்ணி அன்னைக்கு சிரிக்கவே இல்லீங்களே..."

"பரவாயில்லை, எடுத்ததெல்லாம் உன்னிடம் இருக்கும்தானே? அதைக் கொடு" என்றேன்.

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"இல்லீங்க டீச்சர். காசெல்லாம் ப்ராசசருக்கே போயிருச்சு, ஹார்ட் டிஸ்க் சின்னதாத்தான் போட முடிஞ்சிச்சு. அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேணும்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். கேமரா கார்டையும் அழிச்சிட்டேன். நான் எப்பவும் வேலை முடிஞ்சதும் கார்ட அழிச்சிருவேங்க. பழக்கம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. ரோட்டைத் தாண்டி மகேந்திரன் கடைக்குப் போனேன். அங்கே என்ன கிடைக்கும் என்று போனேன், தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மகேந்திரன் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"அவன் அழிச்சிருவான்னு எனக்குத் தெரியும் டீச்சர். கடை தொறந்த நாள்ல இருந்து அப்படித்தான். அதனால ஒண்ணா இருந்தப்ப, அவன் கார்டு குடுத்த உடனே நான் ஒரு காப்பி எடுத்து தனியா வச்சிருவேன். யாராச்சும் திரும்பி வந்து கேட்டா குடுக்கலாமேன்னு."

"அவனுக்கு இது தெரியுமா?"

"நான் சொன்னதே இல்லீங்களே" என்றான். எதிர்ப்பக்க மாடியைப் பார்த்தான். "போறப்பவாவது சொல்லியிருக்கலாம்..."

கோர் எத்தனை, வேகம் எத்தனை, கரண்ட் எத்தனை, விலை எத்தனை என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டார்களே... இரண்டு பேரில் ஒருவன் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த இந்த வேலையை எந்தப் பட்டையில் போட்டு ஒப்பிடுவது? கணவன் மனைவி, அக்கா தங்கை, ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசை... நாம் எல்லோருமே இப்படித்தான் யாரோ எடுத்து வைத்த காப்பியின் புண்ணியத்தில் அழித்துக்கொண்டிருக்கிறோம். பிரிந்த பிறகுதான் அது தெரியவருகிறது. தெரிந்து என்ன செய்ய? இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை. காப்பி விஷயத்தை நான் அந்தோணியிடம் சொன்னேன். அவன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான், இறங்கவில்லை.

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். நிரோஷா மொனராகலைக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அண்ணி வேலை விட்டு வந்து, ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டீவிக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதே கல்யாண வீடியோ.

"வாம்மா, இங்க வந்து பாரு, கண்டுபுடிச்சிட்டேன்!" என்றாள். படத்தை நிறுத்தினாள்.

நிரோஷா நடுவில் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவள் நெற்றி வேர்வையை ஒற்றிக்கொண்டிருந்தது. கை மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு விநாடி.

"இது நாந்தான்" என்றாள் அண்ணி.

கொழுந்துக் கறை படிந்த விரல், கண்ணாடி வளையல், வளையலில் ஒரு கீறல்... எல்லாம் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. அந்த ஒரு விஷயத்தில் ப்ராசசரைக் குறை சொல்ல முடியாது.