அப்பாவின் கூட்டாளி வீடு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டுத் தேர்வு நடந்த வாரத்தில் அப்பாவை வீட்டை விட்டு அனுப்பினேன். போங்கள் என்று சொல்லவில்லை. அவராகவே போகும்படி பேசினேன்.

அப்போது தீவில், ஜெலுத்தோங் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். ஒரு அறை, ஒரு ஹால், அவ்வளவுதான் வீடு. அம்மாவுக்குக் கிளினிக்கில் பகல் வேலை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வந்து குளிப்பார், இரண்டு துண்டு ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவார், அறைக்குள் போய்ப் படுப்பார். ஐந்து நிமிடத்தில் குறட்டை தொடங்கிவிடும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான் அது.

வெள்ளிக்கிழமை புள்ளியியல் தேர்வு. அரையாண்டு முழுக்க அந்தப் பாடத்தைத் தள்ளிப்போட்டு வந்திருந்தேன். இப்போது புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் கண்ணில் படுகின்றன, ஒன்றும் புரியவில்லை. சில நாட்களாகச் சரியான தூக்கமில்லை. டின் காப்பியிலேயே பொழுதை ஓட்டினேன். பயந்து போயிருந்தேன். அந்தப் பயத்தை யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை அறைக் கதவைத் திறந்து அப்பாவை எழுப்பினேன்.

"ஒங்க குறட்டையில ஒண்ணுமே மண்டையில ஏற மாட்டேங்குது. இந்த பேப்பர்ல நான் ஃபெயிலானா அதுக்கு நீங்கதான் காரணம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "சரிம்மா, டென்ஷன் ஆகாத லா. நீ படி" என்றார். பிறகு அவர் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. நான் கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர், குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். "கூட்டாளி வீட்டுல படுத்துக்கறேன். நீ நிம்மதியா படி."

வீடு அமைதியானது. அரை மணி நேரம் படித்தேன். அப்புறம் ஃபோனை எடுத்தேன். யாரோ கேக் சுட்டார்கள், யாரோ பூனையைக் குளிப்பாட்டினார்கள். ஒன்பதரைக்கு எடுத்த ஃபோனை ஒரு மணிக்குத்தான் கீழே வைத்தேன். படிக்காததற்குப் பழி போட அப்போது வீட்டில் யாரும் இல்லை.

பசித்ததால் மீ கோரெங் வாங்கக் கீழே இறங்கினேன். மோட்டார் பட்டறையை ஒட்டிய நிறுத்துமிடத்தில் எங்கள் பழைய கார் நின்றது. நான்கு கண்ணாடிகளும் இறக்கப்பட்டிருந்தன. முன் இருக்கையைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா படுத்திருந்தார். சட்டை வியர்வையில் மார்போடு ஒட்டியிருந்தது. பட்டறையில் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் எழுப்பவில்லை. விழித்துப் பார்த்துவிடுவாரோ என்று பின்பக்கமாகச் சுற்றி, சாப்பாடு வாங்காமலேயே மேலே வந்துவிட்டேன். தேர்வு முடியும்வரைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமையும் அவர் அப்படியே போனார். சாயங்காலம் வந்தவரிடம், தெரிந்துகொண்டே கேட்டேன்: "நல்லா தூங்கினீங்களாப்பா?"

"ஜோரா தூங்கினேன். அவன் வீட்டுல காத்து நல்லா வருது."

எதற்காக அப்படிக் கேட்டேன் என்று இன்றும் யோசிக்கிறேன். அவர் பொய் சொல்லிவிட்டால் என் மனம் ஆறும் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் ஆறவும் செய்தது.

வியாழன் மதியம் லிஃப்டில் பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார். வேறு மூன்று பேரும் இருந்தார்கள். "தங்கச்சி, ஒங்கப்பா ஏன் காடியில தூங்கறாரு? வீட்டுல எதாச்சும் சண்டையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வீட்டுல பெயிண்ட் அடிக்கறோம்க்கா" என்றேன். முகம் எரிந்தது. அவர் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவில்லை. லிஃப்ட் திறந்ததும் நேராகக் காருக்குப் போனேன். ஊருக்குத் தெரிந்த பிறகுதான் என் கால்கள் அந்தப் பக்கம் போயின.

"அப்பா, மேல வந்து படுங்க."

துண்டை விலக்கிப் பார்த்தார். தன்னை நான் கண்டுபிடித்துவிட்டதற்கு அவர்தான் கூச்சப்பட்டார். "படிச்சு முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்" என்றேன். பாதிகூட முடிக்கவில்லை.

அன்று அவர் அறையில் குறட்டை விட, நான் ஹாலில் நான்கு மணி நேரம் படித்தேன். அந்த வாரத்தில் உருப்படியாகப் படித்தது அவ்வளவுதான். சத்தம் காதில் விழுந்தது, ஆனால் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. இரவு சோறு சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தேன். மறுநாள் தெளிந்த தலையோடு எழுதினேன். ஒப்பேறும் மதிப்பெண்ணில் தேறினேன்.

முடிவு வந்த அன்று அப்பா எங்களைச் சூலியா தெருவுக்கு நாசி கண்டார் சாப்பிட அழைத்துப் போனார். அங்கே அவரோடு வேலை செய்பவர் ஒருவர் வந்தார். "என் மக அந்த வாரம் பூரா புத்தகத்த விட்டு எந்திரிக்கவே இல்ல" என்று அப்பா அவரிடம் சொன்னார். வந்தவர் என் தலையைத் தொட்டு வாழ்த்தினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க, காலையிலேயே பஸ் ஏறிப் பாலம் தாண்டி, செபராங் ஜெயாவில் இருந்த கல்லூரி நூலகத்துக்குப் போய்விடுவேன். ஃபோனைப் பையின் அடியில் போட்டுவிடுவேன். மாலையில் வந்து சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குவேன். மூன்றாம் நாள், நான் செருப்பு மாட்டும்போது அப்பா வாசலில் வந்து நின்றார்.

"நான் வேணா வெளிய படுத்துக்கறேம்மா. நீ எதுக்கு அவ்ளோ தூரம் போற?"

அவர் தூங்க வேண்டும் என்றுதான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாரம் ஃபோன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொல்லியிருக்கலாம்.

"அங்க ஏர்கொன் இருக்குப்பா, ஜில்லுன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தேன்.