பூட்டிய ஜெபவீட்டின் வாசலில்

சனிக்கிழமை மதியம். திருத்தணியில் பஸ் மாறி, பள்ளிப்பட்டில் இறங்கினேன். அங்கிருந்து பாலசமுத்திரம் பக்கம் போக ஷேர் ஆட்டோதான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஜெபம் பண்றாங்களே, அந்த ஊட்டுக்கா சார்?"

"என் தங்கச்சி வீடு."

"ரோட்டு மேலயே எறக்கி உட்டுட்றேன். உள்ள வந்தா நாளைக்கு என் வண்டியில எவனும் ஏறமாட்டான்."

மாந்தோப்புகளுக்கு நடுவே நடந்து போனேன். நானும் தங்கை செல்வியும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் புதிதாக வந்த கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது, போய்விட்டேன். அவள் இங்கேயே இருந்தாள். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடி ஜெபிப்பார்கள். ஊரில் அவர்களைக் கூலிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டதால், அவள் கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். போன வாரம் சிலர் வந்து, இனிமேல் கூடினால் கொட்டகையைக் கொளுத்திவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளைக் கையோடு அழைத்துப் போகத்தான் வந்தேன்.

"துணிமணி எடுத்துக்க செல்வி. காலையில மொத பஸ்ஸுக்குப் போயிடலாம்."

"நான் வந்துட்டா, ஜெபத்துக்கு வர்றவங்க இன்னா பண்ணுவாங்க? பயமாத்தான் கீதுண்ணா. நாய் கொலச்சாக்கூட எய்ந்து உக்காந்துக்கினு இருக்கேன். ஆனா வரமாட்டேன்."

ஞாயிறு காலை. பைபிளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம். முன்னால் வந்தவன் முனிரத்தினம். மிரட்டிவிட்டுப் போனவர்களுக்குத் தலைவன். அவன் பின்னால் வந்தவன் கையில் கேன். பெட்ரோல் வாடை அடித்தது.

"எல்லாம் வெளிய வாங்க. எத்தினி தபா சொல்றது?"

நான் முன்னால் போனேன். முனிரத்தினம் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்; விழுந்துவிட்டேன். எல்லோரும் வெளியே வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செல்வி ஓடவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மற்றவர்களும் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள்.

"கர்த்தாவே, திருப்பதி ஆஸ்பத்திரியில கீற ராஜம்மாவுக்கு சொகம் குடுங்க" என்று ஜெபித்தாள்.

"எங்கம்மா பேர ஏண்டி இழுக்கற?" முனிரத்தினம் கையை ஓங்கினான்.

"அவங்க படுத்த நாளா ஜெபத்துல சொல்லிக்கினுதாண்ணா கீறேன்."

ஓங்கிய கை கீழே வரவில்லை.

"ஊத்தட்டுமா பாவா?" என்று மச்சானைத் தெலுங்கில் கூப்பிட்டுக் கேட்டான் கேன்காரன்.

"ஒத்துரா, வேணாம். வண்டிய எடு."

மதியம் நான் மட்டும் கிளம்பினேன். மறுநாள் காலை ஷிப்ட். திருத்தணி பஸ் போய்விட்டிருந்ததால், ஆந்திரா வழியாகச் சுற்றிப் போகும் புத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், முன் சீட்டில் முனிரத்தினம். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன். பஸ் கார்வேட்டிநகரம் தாண்டியது.

"அம்மாவப் பாக்கத் திருப்பதி போறேன்" என்றான். பிறகு, "சாவியக் குடுக்க மாட்டேன். குடுத்தா ஊர்ல தலை காட்ட முடியாது. ஆனா உன் தங்கச்சிய, அந்த ஜெபத்த மட்டும் நிறுத்த வேணாம்னு சொல்லு."

புத்தூரில் இறங்கி மெட்ராஸ் பஸ் பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் சபையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை; வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். நோயாளிகளுக்காக ஜெபிக்கும் நேரம் வந்தது. பெயர் இருந்தால் சொல்லுங்கள் என்றார் போதகர். நெஞ்சில் அவன் தள்ளிய இடம் இன்னும் வலித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லி முடித்து, அமைதியான பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"ராஜம்மா" என்றேன்.