பில்லில் எட்டு டன்

பட்டாள ஏலத்தில் எடுத்த ரிக்கவரி வண்டி அது. எனக்கும் அத்தானுக்கும் மூத்தது. பத்துச் சக்கரம், முதுகில் கிரேன். சிவகாசி, விருதுநகர் பக்கம் லாரி கவிழ்ந்தால் எங்களுக்குத்தான் போன் வரும். கிரேனை இயக்குவது என் அக்கா புருஷனான அத்தான். எடை பார்ப்பது நான். கிரேனின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். எந்த நீட்டத்துக்கு எவ்வளவு என்று கேபினில் ஒரு பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துச் சொல்வேன், நோட்டில் எழுதுவேன், அவர் தூக்குவார். பதினோரு வருஷம் அப்படித்தான் நடந்தது.

திருத்தங்கலில் காலண்டர் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று, மழைநாளில், மல்லாங்கிணறு பக்கம் கரிசலில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. லோடை இறக்காமல் நாங்கள் தூக்குவதில்லை. அன்று காலண்டர் கம்பெனி மேனேஜர் விடவில்லை.

"தாள் நனைஞ்சா அம்புட்டும் குப்பைதாண்ணே. எட்டு டன்தான். பில்லைப் பாருங்க."

அத்தான் குனிந்து சக்கரத் தடத்துக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது.

"மாப்ளே, பன்னெண்டுக்குக் குறையாது. இறக்கிருவோம்."

"மழையில எல்லாத் தடமும் ஆளமாத்தான் இருக்கும் அத்தான். பில்லுல போட்டிருக்கே."

"காலண்டர் சீசன்ல குறைச்சுப் போடுற பில்லை நம்புற ஒரே ஆளு நீங்கதான்" என்று சிரித்தார். இருக்கையில் ஏறப்போனவர் மறுபடி நின்றார். "லோடு கூட மாப்ளே. ரெண்டாவது தடவை சொல்றேன்."

நான் தகட்டைக் காட்டினேன். எட்டு டன் என்றால் தாங்கும். அவர் ஏறி உட்கார்ந்தார்.

லாரியின் பின்பக்கம் ஒரு முழம் எழும்பியது. அதற்குள் எங்கள் வண்டியைச் சாயாமல் தாங்கும் ஊன்றுகாலுக்கு அடியில் போட்ட கட்டை கரிசலுக்குள் போய்விட்டது. வண்டி பக்கவாட்டில் சரிந்தது. குதிக்கப் பார்த்த அத்தானின் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் என் நோட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது.

"லோடு கூடன்னு ரெண்டு தடவை சொன்னதா உங்க அத்தான் சொல்றார். நீங்கதான் கேக்கலையாம். நிசமா?" என்றார் எஸ்.ஐ.

நேரம், கிரேன் கையின் நீட்டம், சாய்வு, எட்டு டன்: எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. அத்தான் சொன்னது மட்டும் இல்லை. ஆமாம் என்றால் வழக்கு என்மேல் வரும்.

"நோட்டுல அப்படி எதுவும் இல்ல சார்" என்றேன்.

பொய் இல்லை. வரும் வழியிலேயே அந்த வாக்கியத்தைத் தேர்ந்து வைத்திருந்தேன். கவனக்குறைவாக இயக்கியதாக அத்தான்மேல் வழக்குப் பதிந்தார்கள்.

அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் அக்கா வாசலில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"நீ அங்கனதான இருந்த? அவுக சொன்னாகளா, இல்லையா?"

"நோட்டுல இல்லக்கா."

"எங்கிட்டயுமாலே நோட்டு?"

அவள் தோளைத் தாண்டிப் பார்த்தேன். உள்ளே கட்டிலில் அத்தான் விழித்துத்தான் இருந்தார்.