தண்ணிக்காரர் வீட்டுக் குழாய்

திருவண்ணாமலையில் பேகோபுரத் தெருப் பக்கம் போய், "கோதண்டராமன் வீடு எது?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தண்ணிக்காரர் வீடு என்று கேட்க வேண்டும். முனிசிபாலிட்டியில், தெருத்தெருவாகப் போய்க் குடிதண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. வால்வு திறக்கிற, நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கோழி கூவும்போதே கிளம்பிவிடுவார். என்றைக்கு எந்தத் தெருவுக்கு முறையோ அந்தத் தெரு வால்வை மட்டும்தான் தொடுவார். கவுன்சிலரே வந்து நின்றாலும் ஒரு நிமிஷம் கூடவும் விடமாட்டார், குறைக்கவும் மாட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷரோடு குடித்தனம் பண்ணுவது லேசா என்ன? அதை அவர் பெண்டாட்டி சரசுவைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

சித்திரை ஒன்றாம் தேதி வந்தால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். வேப்பம்பூப் பச்சடியோடு சாப்பாடு முடிந்த கையோடு, பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு, இந்த வருஷம் வீட்டில் என்னென்ன நடக்க வேண்டும் என்று கோதண்டராமன் எழுதுவார். ஆளுக்கு ஒன்று சொல்லலாம். சொல்லச் சொல்ல, சீட்டுப் பணத்தை வரிசையாகப் பங்கு போடுவார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்பார். தன் பங்குக்கு, மூக்குப்பொடியை விடுவது என்று எழுதிக்கொள்வார். ஏழு வருஷம் எழுதினார். பொடிமட்டை மடியைவிட்டு இறங்கவே இல்லை.

சரசு மட்டும் எப்போதும் கடைசி. மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் இலையெடுத்து, இடம் துடைத்து, பாத்திரம் கழுவத் தெருக்குழாயில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளியோடு உள்ளே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வூட்டுக்குள்ள ஒரு கொழாய் போட்டுடலாங்க" என்பாள். அதற்குள் பணமெல்லாம் பங்காகிப் போயிருக்கும்.

ஒரு வருஷம் ஓடு மாற்றினார்கள். ஒரு வருஷம் மகள் சந்திரகலா டைப்ரைட்டிங் படித்தாள், அப்புறம் அவள் கல்யாணம். பிறகு மகன் வேணு பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். "அடுத்த வருசம் உன்னுதுதான் மொதல்ல, சரசு" என்பார். "ஆவட்டும், ஓடியா பூடும்?" என்று அவளும் சிரிப்பாள்.

பணம் மட்டும் காரணமில்லை. தண்ணி விடறவன் தன் வீட்டிலேயே குழாய் போட்டுக்கொண்டான் என்று நாலு பேர் பேசிவிட்டால்? அந்தப் பயம் அவருக்கு. அட, என்ன பெரிய நாலு பேர்! அந்த நாலு பேரில் ஒருத்தராவது அவளுக்கு ஒரு குடம் தூக்கிக் கொடுத்ததுண்டா?

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் சரசுவுக்குக் கால் வீங்கியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. இதயம் வீங்கியிருக்கிறது, இனிமேல் பாரமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சித்திரையில்தான் கோதண்டராமன் முதல்முதலாக அவளை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்து, அட்டையில் முதல் வரியாகக் குழாயை எழுதினார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மனு கொடுத்தார். அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. ஏரி வறண்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை என்று ஆனது தண்ணீர். புதுக் குழாய்களும் தள்ளிப்போயின. பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்பர்படி வரட்டும் என்று இருந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆராயிதான் வருஷம் முழுக்க அவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் தூக்கினாள்.

அடுத்த வருஷப் பிறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது பிளம்பர் வேடியப்பன் வந்து முற்றத்தில் குழாய் போட்டுவிட்டுப் போனான். எழுதியது வருஷத்துக்குள் நடந்துவிட்டது என்று கோதண்டராமனுக்குப் பெருமை. சரசு அப்போது படுத்த படுக்கை. பார்க்க வேண்டும் என்றாள். வேணு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் தாங்கிக் கூட்டிவந்தார்கள். அவளே குழாயைத் திருகினாள். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"இன்னாங்க, தண்ணி வரல?"

"இன்னிக்கு நம்ம தெரு முறை இல்ல சரசு. நாளைக்குக் காலையில வரும்."

"சாவி உங்க கையிலதான இருக்குது? ஒரு அஞ்சு நிமிசம் தொறந்து வுடுங்களேன். பாத்துட்டுப் படுத்துக்கறேன்."

அவர் தயங்கினார். அந்த ஒரு கணம் அவர் மனசு அவள் பக்கம் சாய்ந்தது உண்மை. "பக்கத்துத் தெருவுல மூணு நாளா குடத்த வெச்சிக்கினு நிக்கறாங்க. அவங்க தண்ணிய நாம எடுக்கறதா? ஒரு ராத்திரிதான, பொறுத்துக்க" என்றார்.

"அதுவும் சரிதாங்க" என்றாள் அவள்.

அவர் பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் கூட்டம். ஆராயி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "கொழாயில தண்ணி வந்துடுச்சா, வந்துடுச்சான்னு ரெண்டு தபா கேட்டுச்சுண்ணே. நான்தான் இல்லக்கா, காலையிலன்னு சொன்னேன். அப்படியே கண்ண மூடிடுச்சு."

மறுநாள் விடிந்ததும், தண்ணீர் திறக்க வேறு ஆளை அனுப்பலாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். வால்வைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் வந்தபோது முற்றத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் சரசு திருகிய குழாயை யாரும் மூடவில்லை. அவள் திறந்த குழாய்தான் அது. வேணு மூடப் போனான். "மூடாதடா" என்று அவர் கத்தினார். அவர் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சரசுவைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டுமென்று ஆராயி குடத்தோடு வந்தாள். கோதண்டராமன் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ஒரு அஞ்சு நிமிசம் தொறந்து வுட்டிருந்தா, யாராச்சும் கேட்டிருப்பாங்களா, ஆராயி?"

அவள் குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"யாரும் கேட்டிருக்க மாட்டாங்கண்ணே" என்றாள்.