வெற்றுப் படிவத்தில் ஒரு கையெழுத்து

பாலகோபால் இறந்து முப்பது நாளாகியும் கம்பெனியின் கடிதம் மாறவில்லை: "சோதனையாளரின் கவனக்குறைவு."

இருபத்தாறு வருடம் ரிலே சோதித்தவர். மின்கம்பி அறுந்து விழுந்தால் அதை உணர்ந்து லைனைத் துண்டிக்க வேண்டியது ரிலே. தாராபுரம் பக்கம் ஒரு சோலார் நிலையத்தில் அவர் சோதித்த ரிலே துண்டிக்கவில்லை. சோளக்காட்டில் விழுந்த கம்பியில் நாற்பது நிமிடம் மின்சாரம் ஓடியது. இரண்டு எருமைகள் கருகின. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த மாதமே மாரடைப்பு.

மகள் பூஜிதாவுக்கும் அதே தொழில், பெங்களூரில். மனு மேல் மனு போட்டு மறுசோதனை வாங்கினாள்.

"உங்க நைனா தங்கமான மனுசனுங்க அம்மணி. வயசாச்சு, கொஞ்சம் அசந்துட்டாருங்க" என்றார் கம்பெனி மேலாளர் கிருபாசங்கர், மறுசோதனையன்று அதே சோலார் நிலையத்தில்.

"ஐம்பத்தாறுங்க. உங்களுக்கும் அதேதானுங்களே?"

சோதனையைப் பார்க்க வந்திருந்த அரசு மின் ஆய்வாளர் அன்புக்கரசி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அப்பாவின் சோதனை அறிக்கையில் இருந்தபடியே பூஜிதா முதலில் ரிலேவுக்கு ஆயிரத்து இருநூறு ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கொடுத்தாள். ரிலே உடனே துண்டித்தது.

"வேலை செய்யுதுங்களே" என்றார் கிருபாசங்கர்.

"அத்தனை கரண்டு துணைமின் நிலையத்துல இருந்துதான் வருமுங்க. அன்னைக்கு அந்தப் பக்கம் அப்பவே துண்டிச்சிருச்சு. மிச்சம் சோலார் மட்டுந்தான். என்ன பழுதானாலும் சோலார் கரண்டை லைனுக்கு மாத்தி அனுப்பற இன்வெர்ட்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சந்தான் கூடக் குடுக்கும்."

விபத்தன்று பதிவான இருநூற்று முப்பதைக் கொடுத்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ரிலே அசையவில்லை.

அப்பா இந்த ரிலேயைச் சோதித்த அன்றே அவளிடம் போனில் சொல்லியிருந்தார். "பெரிய கரண்டுல பாத்தாப் போதும்கறாங்க கண்ணு. சின்னதுக்கு இன்னொரு நாள் கேட்டேன், தரலை. குறிப்பு எழுதிக் குடுத்துட்டேன்."

அறிக்கையில் அந்தக் குறிப்பு இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. கம்பெனியின் துடியலூர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் சோதனையாளர்கள் வெற்றுப் படிவக் கட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு அலுவலகம் தனக்குப் பிடித்ததை டைப் அடித்துக்கொள்ளும். போடாதீங்க நைனா என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறாள். "நீட்டறாங்க. எப்படிக் கண்ணு மாட்டேங்கறது?" என்பார். அந்த மரியாதை மேல் அவளுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. செத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

கிருபாசங்கர் ஒரு தாளை நீட்டினார். "சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டுருங்க அம்மணி. மீதியை ஆபீசுல டைப் அடிச்சுக்கறோமுங்க."

தாளில் ஓர் எண்கூட இல்லை. பூஜிதா அதை வாங்கவில்லை.

"ஏனுங்க, எல்லாருகிட்டயும் இப்படித்தான் வாங்குவீங்களா?" என்றார் அன்புக்கரசி.

"வழக்கந்தானுங்க" என்றவர், சொன்ன பிறகே வாயை மூடினார்.

"அதையும் எழுதிருங்கம்மா" என்றார் ஆய்வாளர் பூஜிதாவிடம்.

பூஜிதா தாளை வாங்கி உட்கார்ந்தாள். இருநூற்று முப்பது, துண்டிக்கவில்லை. அப்பா எழுதிக் கொடுத்த குறிப்பு. மேலாளர் இப்போது சொன்ன சொல். மிச்சமிருந்த இடத்தையெல்லாம் தாள் கிழியும்படி அழுத்திக் கோடிட்டு அடித்தாள். அதற்குப் பிறகே கையெழுத்துப் போட்டு, ஆய்வாளர் கையில் கொடுத்தாள்.