வீடு அசையக்கூடாதுன்னு ஜெபம் பண்ணின கதை

சந்தேகமா? வராம என்னங்க. தேயிலைத் தோட்டத்து வேதக்கோயில் உபதேசியார் வேலைன்னா, பத்துப் பேரு சந்தேகத்த ஒருத்தன் கண்ண மூடிக்கிட்டு சத்தமாச் சொல்றதுதான். பங்குச் சாமியார் பண்டாரவளையில இருந்து எப்பவாச்சும் வருவாரு. மிச்ச நாளெல்லாம் நான்தான். "நீங்க கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க"ன்னு யாராச்சும் உங்க கையப் புடிச்சு, உங்களுக்கு ஒரு வார்த்தையும் வராம நின்னிருந்தா, நீங்களும் நம்ம கட்சிதான். கேளுங்க.

புதுத் தகரம்

தோட்டத்து வரிசை வீடுகள லயம்னு சொல்லுவோம், ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. மேல் லயத்துல கடைசி காம்பரா ராயப்பனோடது. கூரைக்குப் புதுத் தகரம் போட்டுட்டு, வீட்ட ஆசீர்வதிக்கணும்னு கூப்பிட்டாரு. போனேன். பிளேன்டீ குடுத்தாங்க, ஜெபம் பண்ணினேன். பேச்சு வேகத்துல, "இந்த வீடு என்னிக்கும் அசையாம நிக்கணும் ஆண்டவரே"ன்னு சொல்லிட்டேன். எல்லா வீட்டுக்கும் சொல்றதுதான். யாரும் ஞாபகம் வச்சிக்கிறதில்ல.

அப்புறம் மழ புடிச்சுது. விடவே இல்ல. லயத்துக்குப் பின்னால மலையில வெடிப்பு விட்டிருச்சுன்னு ஆபீஸ்காரங்க வந்து பாத்துட்டு, மேல் லயத்து ஆளுங்க எல்லாரையும் கீழ ஸ்கூலுக்குப் போகச் சொல்லிட்டாங்க. எல்லாரும் மூட்டையக் கட்டிட்டாங்க, ராயப்பனத் தவிர. அவரு பொஞ்சாதி பிலோமினா மட்டும் அழுதுகிட்டே எறங்கி வந்துச்சு. நான் போய்க் கூப்பிட்டேன். மனுசன் வாசல்ல நின்னுக்கிட்டு, என் மேல எரக்கப்பட்டு சொல்றாரு: "அசையாதுன்னு ஜெபம் பண்ணினது நீங்க. இப்ப நான் எறங்கினா, கேவலம் எனக்கில்ல உபதேசியாரே, உங்களுக்குத்தான்."

ஸ்கூல் ஹால்

ஸ்கூல்ல ஒரே சனம். ஈரப் பாய், ஈரப் போர்வ, கைப்புள்ளைங்க அழுக. மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயத்தையே மூடினதுக்கு அப்புறம் இந்தப் பக்கத்துல யாரும் மழைச் சத்தத்த சும்மா கேக்கிறதில்ல. நான் எந்திரிச்சு ஜெபத்த ஆரம்பிச்சேன். பாதியில ஒரு கண்ணத் தொறந்து பாத்தா, ஒருத்தரும் கண்ண மூடல. எல்லாரும் சன்னல் பக்கமாத் திரும்பி மலையையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு ரோசம் வந்து நிறுத்திட்டேன். நெத்தி நெறைய விபூதியோட நின்ன முத்துசாமி அண்ணன், அவங்க கோயில் பூசைக்கெல்லாம் முன்னால நிக்கிற ஆளு, அவருதான் என் தோளத் தட்டினாரு: "நீங்க பாட்டுக்கு கண்ண மூடிக்குங்க தம்பி, மலைய நாங்க பாத்துக்கிறோம்."

விலாசம்

பிலோமினா தனியா ஒரு மூலையில முட்டி போட்டிருந்துச்சு. கிட்டப் போனா காதுல விழுந்துச்சு. "ஆண்டவரே, மேல் லயம், கடைசி காம்பரா, ராயப்பன் பொஞ்சாதி பிலோமினா பேசுறேன். என் புருசன எறக்கி விடுங்க." முடிச்சிட்டு, திரும்பவும் மொதல்ல இருந்து, மேல் லயம், கடைசி காம்பரா.

ஆண்டவருக்கு விலாசம் எதுக்கும்மான்னு கேட்டேன். சிரிக்காமத்தான் சொல்லுச்சு: "போன தடவ மகனுக்கு கொழும்புல வேல கேட்டேங்க, அது பக்கத்துக் காம்பராப் பயலுக்குப் போயிருச்சு."

பேரு

சரின்னு பிலோமினாவும் நானும் திரும்ப மேல ஏறினோம். வழியெல்லாம் சேத்துத் தண்ணி. ராயப்பன் கட்டில்ல உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்காரு. "அப்ப இன்னொரு தடவ ஜெபம் பண்ணுங்க, கேப்போம்"ங்கிறாரு. கண்ண மூடிக்கிட்டேன். மண்ணு சரியக்கூடாதுன்னு கேட்டா ஆளு எறங்கமாட்டாரு. பின்ன சரியணும்னா கேக்க முடியும்? செவுத்துக்குப் பின்னால கல்லு உருள்ற சத்தம். "இவங்க பத்திரமா கீழ எறங்கணும் ஆண்டவரே"ன்னு மட்டும் சொன்னேன்.

"எறங்கினா அவிசுவாசம்"ன்னாரு ராயப்பன்.

பிலோமினாவுக்கு எங்கிருந்து வந்துச்சோ கோவம். ரேடியோவப் புடுங்கி கக்கத்துல வச்சிக்கிட்டு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க: "காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேரக் குடுத்துட்டு, எந்த மலைக்கு வேலைக்குப் போகச் சொல்றாங்கன்னு கேக்காம காம்பராவுல வந்து படுத்தா, கங்காணி அரைநாள் சம்பளத்துக்கு அரைப் பேராச்சும் போடுவாராய்யா உனக்கு? எறங்கு!"

எந்த ஜெபம்?

எறங்கினாரு. மறுநா விடியக்குள்ள மண்ணு சரிஞ்சிருச்சு. லயத்துக்குப் பின்னால இருந்த கோழிக்கூடு, கோசு நட்ட கோவா பாத்தி எல்லாத்தையும் மூடிட்டு, ராயப்பன் வீட்டுச் செவுத்துக்கிட்ட வந்து நின்னிருச்சு. வீடு அப்படியே நிக்குது. தகரத்துல ஒரு கீறலில்ல.

நான் அவர விட சந்தோசப்பட்டேன், கொஞ்ச நேரந்தான். ராயப்பன் தூரத்துல நின்னு வீட்டையே பாத்தாரு. அப்புறம் மெதுவா எங்கிட்ட கேட்டாரு: "இதுல ஆண்டவர் எதக் கேட்டாரு உபதேசியாரே? வீடு அசையக்கூடாதுன்னதயா, எங்கள எறக்கணும்னதயா?"

தெரியலன்னேன். இன்னிக்கும் தெரியல. வேத வகுப்புல எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி பாஸானவன்தான் நான். இது அதுல வரல. ரெண்டையுந்தான்னு சொல்லிட்டா லேசு. ஆனா மலையில வெடிப்பு இன்னும் அப்படியேதான் இருக்கு, வீடுதான் நிக்குதேன்னு அவரு திரும்பக் குடியேறப் பாக்கிறாரு. இதோ, மறுபடி மழ இருட்டிக்கிட்டு வருது. நேத்து ராத்திரி நான் தனியா முட்டி போட்டப்ப, என்ன கேக்கிறதுன்னே தெரியாம…

"உபதேசியாரே! ஓடியாங்க! இந்த மனுசன் பாயச் சுருட்டிக்கிட்டு மேல ஏறுறாரு!"

பிலோமினாதான். வாறேம்மா, அவரப் புடிச்சு நிறுத்து!

போறேங்க, நம்ம தொழில்ல கண்ண மூடி நிக்கிறது கொஞ்ச நேரந்தான், மிச்சமெல்லாம் மேடேறுற வேலை.