எட்டு வாரத்தில் ஆறாத எலும்பு

மைதானத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ஓடாதேம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. வெளியே செருப்பைக் கழற்றுகிறவர்கள், "ஓடாதேம்மா உள்ள இருக்காங்களா?" என்று கிசுகிசுப்பது மட்டும் காதில் விழும். பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பத்தொன்பது வருடமாக, நாளைக்கு இருபது தடவையாவது அவள் வாயிலிருந்து வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

அவள் பிசியோதெரபிஸ்ட். பார்வையாளர்கள் உட்காரும் படிகளுக்கு அடியில் அவளுடைய அறை. கூரை சரிந்து இறங்குவதால் உயரமானவர்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். காலுக்கு வந்தவர்களுக்கு நெற்றிக்கும் ஐஸ் வைத்து அனுப்பியிருக்கிறாள். இரண்டு கட்டில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்று, ஐஸ் பெட்டி, மழை வந்தால் ஒழுகும் மூலையில் ஒரு வாளி. ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. காலையில் கதவைத் திறக்கும்போதே மாலை ஆனதுபோல் உடம்பு கனத்தது.

அவளிடம் முதன்முதலில் கால் வலி என்று வந்தவன் அவளுடைய கொழுந்தன். கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் ஓடிவிட்டு வந்து காலை நீட்டுவான். அப்போது படித்துக்கொண்டிருந்த அவள், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நீவிவிடுவாள். அவன் வளர்ந்து ஓடி, ஓட்டம் ஓய்ந்து, இப்போது அதே மைதானத்தில் பெண்களுக்குக் கோச்சாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு.

ஒரு நாள் காலை அவனிடம் பயிற்சி பெறும் பெண் ஒருத்தி வந்தாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். இருபத்துமூன்று வயது, காற்றடித்தால் சாய்ந்துவிடுவதுபோல் உடம்பு.

"எங்க வலிக்குது?"

"முழங்காலுக்குக் கீழ, உள்பக்கமா, மேடம்."

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், தோலுக்கு அடியிலேயே கைக்குத் தட்டுப்படும் எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலை இறக்கிக்கொண்டே வந்தாள். சதை வலியாக இருந்தால் ஒரு சாண் நீளத்துக்கு வலிக்கும். இங்கே அப்படி இல்லை. நகம் அளவு ஓர் இடத்தில் அழுத்தியதும் அந்தப் பெண்ணின் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன.

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"என்கிட்ட மறைச்சா எனக்கா வலிக்கும்? உனக்குத்தானே."

"ஆறு வாரம் ஆச்சு மேடம். எக்ஸ்ரே எடுத்தேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

"ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாதும்மா. ஸ்கேன் எடுக்கணும்."

ஸ்கேனில் விரிசல் தெரிந்தது. விழுந்து உடைந்த எலும்பு அல்ல. ஓட ஓட எலும்பில் மயிரிழைக் கீறல்கள் விழும். ஓய்வு கிடைத்தால் உடம்பே பூசிக்கொள்ளும். பூசுவதற்குள் அடுத்தது விழுந்துகொண்டே இருந்தால் அது விரிசலாகும். அப்படி வந்தது இது. உள்பக்க ஓரத்தில் இருந்ததால் ஆறிவிடும் வகை என்றார் எலும்பு டாக்டர். எட்டு வாரம் காலை அசையவிடாத கெட்டி பூட்ஸ். ஓட்டம் கூடாது. நீச்சல் குளமும் சைக்கிளும் மட்டும்.

அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டத்துக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது. கொழுந்தன் மதியமே வந்து நின்றான்.

"எட்டு வாரம்னா எட்டு வாரம்தானே அண்ணி? அப்புறம் எனக்கு நாலு வாரம் இருக்கு."

"எலும்பு காலண்டர் பார்க்காதுப்பா. பார்ப்போம்."

அந்தப் பெண் ஒரு நாள் தவறாமல் வந்தாள். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கால் ஊன்றாமல் ஓடினாள். சொன்னதற்கு மேல் செய்யவில்லை, குறைக்கவும் இல்லை. இப்படிச் சொன்ன பேச்சு கேட்கிறவர்கள் பத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. எட்டாம் வாரம் முடிந்த அன்று கட்டைவிரல் அதே இடத்துக்கு வந்தது. விரல்கள் மடங்கின. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். விரிசல் வைத்தது வைத்தபடி இருந்தது.

"ரகசியமா ஓடினியா?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

"சத்தியமா இல்ல மேடம்."

அவள் நம்பினாள். நம்பியதும்தான் பயம் வந்தது. ஓடாமலேயே ஆறவில்லை என்றால், என்ன செய்வது?

அன்று வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கணவர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"ஊருக்கெல்லாம் ரெஸ்ட்னு எழுதிக் குடுக்கிறியே, உனக்கு ஒரு சீட்டு எழுதிக்கோயேன்."

"எழுதினா யாரு கேக்கப் போறாங்க" என்றாள். டீ ஆறிப்போயிற்று.

மறுநாள் பதினோரு மணிக்கு, சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் கைப்பிடியிலேயே சாய்ந்தாள். கட்டிலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு கேட்டாள்:

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒரு ஆப்பிள்."

"அவ்வளவுதானா?"

"இப்பதான் ஓடறதில்லையே மேடம். சும்மா இருக்கிற நேரத்துல எடை ஏறிடக்கூடாதுன்னு கோச் சார் சொன்னாரு. அதனால பாதியா குறைச்சுட்டேன்."

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

அந்தப் பெண் சரிந்த கூரையைப் பார்த்தாள். "நின்னு பதினோரு மாசம் ஆச்சு. நல்லா ஓடறவங்களுக்கு அப்படித்தான்னு கூட ஓடற பொண்ணுங்க சொன்னாங்க. யாரும் கேக்கல மேடம்."

யாரும் என்றால் அதில் அவளும் சேர்த்திதான். முதல் நாள் நிரப்பும் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது. அன்று வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தாள். அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். கோடு நேராக, நிதானமாகத்தான் போடப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணிடமே சொன்னாள்: "நான் முதல்லயே கேட்டிருக்கணும். எட்டு வாரம் என்னால போச்சு."

ரத்தப் பரிசோதனையும் எலும்பின் திடத்தை அளக்கும் சோதனையும் செய்தார்கள். வயிற்றுக்கு இல்லாமல் உடம்பு எல்லாவற்றையும் மிச்சம் பிடித்திருந்தது. மாதவிடாயை நிறுத்தியது, எலும்பைப் பூசுவதையும் நிறுத்தியது. "கொத்தனார் ரெடியா நிக்கிறான், செங்கலும் இல்ல சிமெண்டும் இல்ல. எங்கேர்ந்து சுவர் எழும்பும்?" என்றார் எலும்பு டாக்டர்.

அன்று மாலை அவள் கோச்சின் அறைக்குப் போனாள். சுவரில் பதினாலு பெண்களின் எடை, தேதிவாரியாக எழுதி ஒட்டியிருந்தது. ஏறினால் சிவப்பு மை. கீழே எடை மெஷின். அவள் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"என்ன அண்ணி பண்றீங்க? என் வேலையில கை வைக்காதீங்க."

"உன் வேலையில வைக்கலப்பா. மெஷின்லதான் வச்சேன்."

"அரைக் கிலோ கூடினா எத்தனை செகண்ட் போகும்னு உங்களுக்குத் தெரியுமா? என்னையும் இப்படித்தான் வளர்த்தாங்க."

"உன்னை வளர்த்தது நான். ஒரு நாள் உன் தட்டைப் பார்த்துப் பேசியிருக்கேனா?"

அவள் மெஷினை நெஞ்சோடு அணைத்து, மைதானத்தைச் சுற்றி நடந்துவந்து, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அவன் மேலதிகாரியிடம் புகார் எழுதினான். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. டாக்டரின் அறிக்கையை இணைத்து, தன் தவறையும் சேர்த்து, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மெஷினைத் திருப்பிக் கேட்டு யாரும் எழுதவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தன் வருவது நின்றது. கணவர் பாடு மத்தளம்தான். இந்தப் பக்கம் தம்பி போனில் பொருமுவான், அந்தப் பக்கம் இவள் வாயே திறக்கமாட்டாள். "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சண்டையாவது போடுங்களேன்" என்றார் ஒரு நாள்.

தேர்வு ஓட்டம் அந்தப் பெண் இல்லாமலே நடந்தது. அன்றும் பத்து மணிக்குச் சிகிச்சைக்கு வந்தாள். வெளியே கைதட்டல் கேட்டது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கால் விரலால் துண்டைச் சுருட்டும் பயிற்சியை முப்பது முறை செய்தாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுவதுதான் அந்தப் பெண்ணுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. பால், முட்டை, வேர்க்கடலை என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள்; பாதி நாள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். நாலாவது மாதம் ஒரு காலையில் பரீட்சையில் தேறியவள்போல் ஓடிவரப் பார்த்து, நினைவு வந்து, நடந்துவந்து காதோடு சொன்னாள்: "வந்துடுச்சு மேடம்." ஆறாவது மாத ஸ்கேனில் விரிசல் மூடியிருந்தது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினார்கள். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டும் என்று வாரா வாரம் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வருடத் தேர்வில் அந்தப் பெண் ஐந்தாவதாக வந்தாள். முதல் மூன்று பேரைத்தான் எடுத்தார்கள்.

"கால் வலிச்சுதா?"

"இல்ல மேடம். மூச்சுத்தான் பத்தல."

"அது என் டிபார்ட்மெண்ட் இல்ல" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை கொழுந்தனிடம் பயிற்சி பெறும் மூன்று பெண்கள் கையில் ஒரு சீட்டோடு வந்தார்கள். "இவங்களையும் பாருங்க அண்ணி" என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போடவில்லை. மூவரில் இருவருக்கு மாதக்கணக்கில் நின்றிருந்தது. ஒருத்தியின் காலில் கட்டைவிரல் பட்டதும் விரல்கள் மடங்கின.

அவள் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கை கழுவி, சற்று நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிறகு போனை எடுத்துக் கணவரிடம், "ஞாயித்துக்கிழமை உங்க தம்பியை வரச் சொல்லுங்க" என்றாள்.

"நீயே சொல்லேன்."

"வெளிய இன்னும் நாலு பேர் நிக்கிறாங்க. நீங்களே சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டு, கதவைத் திறந்தாள்.